பதினேழாம் நம்பர் வாளி

இந்த வாளி உங்க காலை இடிக்குதா அண்ணாச்சி? இடிச்சாச் சொல்லிருங்க, மடியில தூக்கி வச்சுக்கிடுதேன். கண்டக்டர் மேல கம்பியில வைங்கன்னு சொன்னார். மேல வச்சா ஒரு பள்ளத்துல பஸ் ஏறி இறங்குன உடனே உள்ள இருக்கிறது அம்புட்டும் தூளாப் போயிரும். காராச்சேவு. சாத்தூர்ல ஏறுறவன் வேற என்னத்த வாங்கிட்டு ஏறுவான்? பதினஞ்சு பாக்கெட் இருக்கு. ஒண்ணு எடுத்துக்கிடுங்க. அட, எடுங்க. எனக்கு இன்னைக்கு யாருக்காவது எதையாவது கொடுத்துக்கிட்டே இருக்கணும் போல இருக்கு.

என்ன அப்படிப் பாக்கீங்க? தீயணைப்பு வாளியே தான். சிவப்புப் பெயிண்ட், வெள்ளையில பதினேழுன்னு நம்பர். திருடிட்டு வரலை. காலேஜ்ல எழுதிக் கொடுத்து வாங்கிட்டு வாரேன். வெந்நீர் ஊத்தி நாலு தடவை தேச்சு, ரெண்டு நாள் மொட்டை மாடியில கவுத்துக் காயப் போட்டு, அதுக்கப்புறம்தான் கோமதி, அதான் எங்க வீட்டுக்காரி, இதுல திங்கிற சாமான் வைக்கவே சம்மதிச்சா.

நான் ஆவுடைநாயகம். விலங்கியல் பேராசிரியர். காலேஜ் பேரு வேண்டாம், ஊர்ப் பேரும் வேண்டாம், ஏன்னு சொல்லும்போது உங்களுக்கே தெரியும். இருபத்தாறு வருஷ சர்வீஸ். போன மாசம் வரைக்கும் துறைத்தலைவர். இப்ப வெறும் வாத்தியார். அதுக்கு நான் வருத்தப்படுதேனா பாருங்க. வாயெல்லாம் பல்லா உக்காந்திருக்கேன்லா? கோமதி நேத்தே கேட்டா, பதவி போனவன் மாதிரியா இருக்கீக, பேத்தி பிறந்தவன் மாதிரில்லா இருக்கீகன்னு.

திருநெல்வேலிக்கு ஒரு வைவாவுக்குப் போறேன். ஜெபசெல்விங்கிற புள்ளைக்கு டாக்டர் பட்டத்துக்கு இன்னைக்குக் கடைசிப் பரீட்சை. பதினோரு மணிக்கு சபை கூட்டி, வெளியூர்ப் பேராசிரியர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் கேள்வி கேப்பார், அவ பதில் சொல்லணும். சொல்லிட்டா டாக்டர் ஜெபசெல்வி. நான் தான் அவளுக்கு கைடு. கைடுன்னா என்ன செய்யணும்னு கேக்காதீங்க, இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாப் புரியுது.

விஷயம் என்னன்னா, கொசு. ஊருக்குள்ள கொசு எங்க முட்டையிடுது? டயர்ல இடும், இளநிக் கூட்டுல இடும், பூந்தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டுல இடும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எதுல எவ்வளவு? அதை யாரும் உக்காந்து எண்ணினதில்லை. இந்தப் புள்ள எண்ணினா. வாராவாரம் வியாழக்கிழமை. பதினாலு மாசம். வெள்ளைத் தட்டுல தண்ணியை ஊத்தி, கொசுப் புழுவை டிராப்பரால ஒண்ணொண்ணா உறிஞ்சி எடுத்து, ஸ்பிரிட் பாட்டில்ல போட்டு எண்ணணும். பாக்கவே பொறுமை போயிரும். நான் அந்தப் பக்கம் போனா, "என்னம்மா, நடக்குதா"ன்னு கேப்பேன். "நடக்குது சார்"ம்பா. அதுக்குப் பேரு வழிகாட்டுதல்.

எண்ணி முடிச்சு, கட்டுரையும் எழுதி, என் மேசையில கொண்டாந்து வச்சா. ஒரு நல்ல வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பணும்னா. அது வெளிவந்தாத்தான் அவளுக்குப் பட்டம். அது வெளிவந்தா எனக்கும் பதவி உயர்வு. கோப்பு பிரின்சிபால் மேசையில ஏற்கனவே இருந்தது, ஒரு கட்டுரை தான் குறை.

நான் முதல் பக்கத்தைப் பாத்தேன். பேரு போடுற இடத்துல ஜெபசெல்வி, ஆவுடைநாயகம்னு ரெண்டே பேரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏம்மா, இது என்ன அநாதைக் கட்டுரை மாதிரி இருக்குன்னு கேட்டேன். எங்க காலேஜ்ல அப்படி வழக்கம் கிடையாது அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது பெரியப்பா பேரை விட்டுட்டா என்ன ஆகும்? அவர் மண்டபத்துக்கு வருவாரா? அதே தான். ஒருத்தர் பேரை விட்டுட்டா வருஷக்கணக்கா முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. அதனால என் பேரை முதல்ல போட்டேன். அடுத்து பிரின்சிபால் சங்கரமூர்த்தி. அடுத்து நிர்வாகக் குழுச் செயலர், அவர் மில் வச்சிருக்கார். வைஸ் பிரின்சிபால், கணக்குப் பேராசிரியர், லைப்ரரியன். அப்புறம் கோயம்புத்தூர்ல இருக்கிற என் மச்சான். அவன் சிவில் இன்ஜினியரிங். கான்கிரீட்டைப் பத்தி எழுதுன அஞ்சு கட்டுரையில என் பேரைப் போட்டிருக்கான். கான்கிரீட்டுக்கும் எனக்கும் வீடு கட்டின பழக்கம் தான், ஆனாப் போட்டிருக்கான்லா? நான் போடாம இருந்தா கோமதி சோறு போடுவாளா? எல்லாம் போட்டு எட்டாவதா ஜெபசெல்வி.

அவ பட்டியலைப் பாத்தா, என்னையப் பாத்தா. "சார், இந்த ஜர்னல்ல ஒரு ஃபாரம் உண்டு. கட்டுரையை முழுசா வாசிச்சேன், இதுல உள்ள எல்லாத்துக்கும் நானும் பொறுப்புன்னு ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடணும்"னா. அதுக்கென்ன, போட்டாப் போச்சு. பியூனைக் கூப்பிட்டு ஃபாரத்தைக் கொடுத்து விட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஏழு கையெழுத்தும் வந்துட்டு. மச்சானுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், அவன் பைக்ல போயிக்கிட்டே போட்டு அனுப்பிட்டான்.

அண்ணாச்சி, அதை வாசிச்சிருந்தா அம்புட்டுப் பேரும் தெறிச்சு ஓடியிருப்பாங்க. ஏன்னா அந்தப் பதினாலு மாசத்துல அந்தப் புள்ள கண்டுபிடிச்சது என்ன? டயர் இல்லை, இளநி இல்லை. ஊருலயே அதிகமாக் கொசு உற்பத்தி ஆகிற இடம், ஒரு கல்வி நிலையத்துல வராந்தா வராந்தாவாத் தொங்குற இருபத்திரண்டு தீயணைப்பு வாளி. எங்க வாளி. மூணு வருஷத்துக்கு முன்னாடி தர மதிப்பீட்டுக் குழு வருதுன்னு பெயிண்ட் அடிச்சு, நம்பர் போட்டு, தண்ணி ஊத்தித் தொங்க விட்டோம். குழு போயிட்டு. தண்ணி போகலை. கொட்டினா மறுபடி ஊத்தணும்லா? மழைக்கு அதுவே நிரம்பிக்கிடும்.

கட்டுரை வந்துட்டு. ஒரே கொண்டாட்டம். கேட்ல பதினஞ்சு அடிக்கு ஃபிளக்ஸ். செயலர் படம் பெருசா, பிரின்சிபால் படம் அதைவிட ஒரு விரற்கடை சின்னதா, நான், மச்சான் கூட கூலிங் கிளாஸ் போட்டு. ஜெபசெல்வி படம் ஓரத்துல ஸ்டாம்பு அளவுக்கு. பிரின்சிபாலுக்குத் தலைகால் புரியலை. கட்டுரையைக் காப்பி எடுத்து பத்திரிகை ஆபீசுக்கெல்லாம் அனுப்பினார். அதோட விட்டாரா? நகராட்சிக்கு ஒரு காப்பி, மேல ஒரு கடிதமும் வச்சு. 'எங்கள் கண்டுபிடிப்பைத் தாங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.'

அங்க ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் இருந்தார். ஒல்லியான மனுஷன், சட்டைப் பையில ரெண்டு பேனா. அந்த ஊர்லயே அந்தக் கட்டுரையை வாசிச்ச ஒரே ஆள் அவர் தான்.

நேரா காலேஜுக்கு வந்துட்டார். பாராட்ட வந்திருக்கார்னு பிரின்சிபால் வராந்தாவுலயே சால்வை போட்டு நிறுத்தி, போட்டோ எடுக்கச் சொல்லிட்டார். நாங்க எல்லாம் வரிசையா நிக்கோம். இன்ஸ்பெக்டர் ரொம்ப மரியாதையாச் சொன்னார், "சார், அருமையான ஆராய்ச்சி. டெங்கு நேரத்துல எங்களுக்குக் கண் திறந்த மாதிரி. ஆனா ஒரு கல்வி நிலையம்னு மட்டும் போட்டிருக்கீங்க, பேரைப் போடலை. எதுன்னு சொன்னீங்கன்னா இன்னைக்கே நோட்டீஸ் கொடுத்துருவேன்."

பிரின்சிபால் நெஞ்சை நிமித்துனார். "யாரா இருந்தாலும் விடாதீங்க சார். பிள்ளைங்க படிக்கிற இடத்துல இப்படி அலட்சியமா இருக்கலாமா? ஏம்மா ஜெபசெல்வி, எந்த நிலையம்? பயப்படாமச் சொல்லு, நான் இருக்கேன்."

"இதுதான் சார்"னா. ரொம்ப அமைதியா. கையை நீட்டி பிரின்சிபால் தலைக்கு மேல காட்டினா. பதினாறாம் நம்பர் வாளி தொங்குது. போட்டோக்காரர் அந்த நேரம் பாத்து கிளிக் பண்ணிட்டார்.

நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு வலிக்கு அண்ணாச்சி. அன்னைக்குச் சிரிப்பு வரலை. இன்ஸ்பெக்டர் ஸ்டூல் போட்டு ஏறி, வாளிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்து, கீழ இறங்கி, சால்வையை அழகா மடிச்சு பிரின்சிபால் கையிலயே கொடுத்துட்டு, நோட்டீஸ் எழுத ஆரம்பிச்சார். "நாங்க இதை ஏத்துக்கிட மாட்டோம்"னு வைஸ் பிரின்சிபால் மெதுவா இழுத்தார். "நீங்களே தானே சார் கண்டுபிடிச்சிருக்கீங்க, கையெழுத்து வேற போட்டிருக்கீங்க"ன்னார் அவர். கேட்ல ஃபிளக்சுக்குப் பக்கத்துலயே நோட்டீஸை ஒட்டிட்டுப் போனார்.

மறுநாள் செயலர் வந்தார். அவர் கத்தினதை மில்லுல இருந்தே கேட்டிருக்கும். அதுக்கப்புறம் பாருங்க வேடிக்கையை. என் பேரைப் போடுங்க, என் பேரைப் போடுங்கன்னவங்க எல்லாம் என் பேரை எடுங்க, என் பேரை எடுங்கன்னு என் ரூமுக்கு வந்து நிக்காங்க. லைப்ரரியன், "ஆவுடை, எனக்குக் கொசுன்னாலே ஆகாதே, நான் எப்படி இதுல வந்தேன்"னு கேக்கார்.

பிரின்சிபால் ஒரு கடிதம் தயார் பண்ணினார். ஜர்னலுக்கு. கீழே கையெழுத்திட்ட ஏழு பேருக்கும் இந்த ஆய்வுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதோட நிறுத்தியிருக்கலாம். அப்ப அந்த வாளிக் கணக்கு நிலைச்சுருமேன்னு இன்னொரு பத்தி சேத்தார். கட்டுரையில ஒரு வியாழக்கிழமை, பதினேழாம் வாளியில அறுநூத்துச் சொச்சம் புழுன்னு போட்டிருக்குதாம், இன்ஸ்பெக்டர் அதைத் தான் நோட்டீஸ்ல எழுதியிருந்தார். அன்னைக்குக் கன மழை, கலெக்டர் லீவு விட்டிருந்தார், காலேஜ் பூட்டிக் கிடந்தது, வாட்ச்மேன் கூட வரலை. ஆக யாரும் உள்ள போயிருக்க முடியாது, அந்தப் பெண் இட்டுக்கட்டி எழுதியிருக்கிறாள்.

நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஏன்னு கேக்கீங்களா? என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில இருக்கு அண்ணாச்சி. அதை என் கண்ணு முன்னாடியே எடுத்து, தூசி தட்டி, இந்தப் பக்கம் வச்சார், அந்தப் பக்கம் வச்சார். கையெழுத்து தானேன்னு போட்டுட்டேன். எல்லாரும் போட்டாங்க. இருபத்தாறு வருஷமா எதை வாசிச்சு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்?

ஆனா ஒரு சின்ன விஷயம். அன்னைக்கு காலேஜ் பூட்டித் தான் கிடந்தது. திறந்தது நான்.

காலையில இருந்து அஞ்சு போன் அந்தப் புள்ள. "சார், வியாழக்கிழமை தப்பக்கூடாது சார். ஒரு வாரம் விட்டா வரிசை அறுந்துரும்." சாவி என்கிட்ட. திட்டிக்கிட்டே எக்ஸெல் வண்டியில மழையில நனைஞ்சு போனேன். கேட்டுக்கு வெளிய பிளாஸ்டிக் பையைத் தலையில மாட்டிக்கிட்டு நிக்கா. காய்ச்சல் வேற, கண்ணெல்லாம் சிவந்திருக்கு. திறந்து விட்டேன். மூணு மாடி, இருபத்திரண்டு வாளி. மத்தியானத்துக்குள்ள முடிக்கணும், தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. "சார், நீங்க கீழ இந்த ஒண்ணை மட்டும் எண்ணித் தாரீங்களா"ன்னு கேட்டா. சரின்னு உக்காந்தேன். எம்.எஸ்சி. படிச்சப்ப எண்ணினதுக்கு அப்புறம் அன்னைக்குத் தான். தட்டுல ஊத்தினா, அண்ணாச்சி, அதுபாட்டுக்கு நெளியுது, தலைகீழாத் தொங்குது, தொட்டா முங்குது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு உறிஞ்சி உறிஞ்சி பாட்டில்ல விடுதேன். வெளிய மழை கொட்டுது. நேரம் போனதே தெரியலை. எனக்கு அம்புட்டு சந்தோஷமா இருந்தது. நான் எதுக்கு விலங்கியல் படிச்சேன்னு எனக்கு மறந்தே போயிருந்தது பாத்துக்கிடுங்க. முடிச்சு, அவ நோட்டை இழுத்து நானே எழுதுனேன். பச்சை மையில. துறைத்தலைவர்னா பச்சை மையில தான் எழுதணும்னு எனக்கு ஒரு வைராக்கியம். பதினேழாம் வாளி, அறுநூத்துப் பன்னெண்டு.

கடிதம் போய் ஒரு வாரத்துல ஜர்னல் எடிட்டரம்மா எல்லாருக்கும் பதில் போட்டாங்க. மூணு வாரத்துக்குள்ள ஜெபசெல்வி விளக்கம் தரணும். இல்லைன்னா கட்டுரை ரத்து, பொய்க் கணக்கு எழுதினதா வெளிப்படையா அறிவிப்பும் வரும். அப்புறம் பட்டமாவது ஒண்ணாவது. எந்தக் காலேஜ்லயும் வேலைக்குச் சேத்துக்கிட மாட்டாங்க.

என் ரூமுக்கு வந்தா. அழுவா, கால்ல விழுவான்னு நான் ஒரு பேச்சு தயார் பண்ணி வச்சிருந்தேன். அவ அழலை. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரிச்சு வச்சா. பச்சை மை. அந்தக் கட்டிடத்துலயே பச்சை மை வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன் தான்.

"இதைப் போட்டோ எடுத்து அனுப்பிரலாம் சார். அனுப்பினா நீங்க பொய்க் கடிதம் போட்டது தெரிஞ்சுரும். நான் அனுப்பலை. நீங்களே சொன்னாச் சொல்லுங்க"ன்னா. நோட்டை அங்கயே வச்சுட்டுப் போயிட்டா.

எனக்குக் கோவம் வந்தது பாருங்க. நோட்டைக் கொண்டு போயி அனுப்ப வேண்டியது தானே, என்னை எதுக்குச் சங்கடத்துல மாட்டணும்? வீட்டுல போயி கோமதிகிட்டப் பொரிஞ்சு தள்ளினேன். அவ வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே கேட்டா, "உங்க பேருல எத்தனை கட்டுரை இருக்கு?" நாப்பத்தொண்ணுன்னேன். "அதுல நீங்க செஞ்சது எத்தனை?" நான் யோசிச்சேன். நல்லா யோசிச்சேன். "ஒரு வாளி"ன்னேன். "அந்த ஒண்ணைத் தான் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீகளாக்கும். அன்னைக்கு நனைஞ்சு வந்து ஆறு நாள் மூக்கைச் சிந்திக்கிட்டுக் கிடந்தீக, கஷாயம் வச்சுக் கொடுத்தவ நானு. அதையும் சேத்து எழுதுங்க"ன்னா.

எழுதிட்டேன் அண்ணாச்சி. அப்படியே ஒண்ணு விடாம. ஐயா, இந்த ஆய்வைச் செய்தேன் என்று முதலில் கையெழுத்திட்டேன், அது பொய். எனக்குத் தொடர்பே இல்லை என்று இரண்டாவது கையெழுத்திட்டேன், அதுவும் பொய். கதவைத் திறந்தேன், ஒரு வாளியை எண்ணினேன், இது உண்மை. மற்ற எல்லாமே ஜெபசெல்வி. நோட்டுப் பக்கத்தையும் வச்சு அனுப்பிட்டேன். கஷாயத்தை மட்டும் விட்டுட்டேன், அதுக்கு இங்கிலீஷ் வார்த்தை சரியா அமையலை.

அன்னைக்கு ஆரம்பிச்ச சந்தோஷம் தான் இது. நிறுத்த முடியலை. கோப்பு எங்கயோ போயிட்டு. ரூமைக் காலி பண்ணச் சொன்னாங்க, நாற்காலியை எடுத்தாங்க, மச்சான் போன் எடுக்கிறதில்லை. எனக்கானா பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதே சிரிப்பு வருது.

எடிட்டரம்மா பதில் போட்டாங்க. பிரின்சிபால் உட்பட ஏழு பேரு பேரும் நீக்கம். என்னோடதும் தான். ஒரு வாளி எண்ணினவருக்கு அங்க இடம் கிடையாதாம், ஜெபசெல்வி விரும்பினா நன்றி சொல்லுற இடத்துல சேத்துக்கிடலாமாம். திருத்தின கட்டுரை வந்துட்டு. இந்தா, பையில இருக்கு. மேல பாருங்க, ஜெபசெல்வின்னு ஒரே பேரு. ஏழு பேரு போனதும் இடம் எவ்வளவு தாராளமா இருக்கு. இப்ப கடைசிப் பக்கம் பாருங்க. தமிழ்ல சொல்லுதேன். 'மழை நாளில் கட்டிடத்தைத் திறந்துவிட்டு, பதினேழாம் வாளியை எண்ண உதவிய ஆவுடைநாயகத்துக்கு நன்றி.' இந்த ஒரு பக்கத்தைத் தனியா லேமினேட் பண்ணி வீட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்.

ஒரே ஒரு வருத்தம் உண்டு. எண்ண உதவியன்னு போட்டிருக்கா பாருங்க. உதவினேனா? எண்ணினதே நான். முழு வாளி. எண்ணியன்னு போட்டா என்ன? ஒரு வார்த்தையில கூடக் கஞ்சத்தனம் பண்ணுதா இந்தப் புள்ள.

முழு வாளின்னா... கிட்டத்தட்ட.

அதை ஏன் இப்பச் சொல்லுதேன்? உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க யாரோ நான் யாரோ. அறுநூறு வரைக்கும் ஒண்ணொண்ணா எண்ணினேன் அண்ணாச்சி. சத்தியமா. அதுக்கு மேல இடுப்பு ஒடிஞ்சுட்டு, கண்ணு கலங்கிட்டு. தட்டுல மிச்சம் கொஞ்சம் கிடந்தது. ஒரு பன்னெண்டு இருக்கும்னு அப்படியே மொத்தமா பாட்டில்ல கவுத்துட்டு அறுநூத்துப் பன்னெண்டுன்னு போட்டேன். பன்னெண்டு புழு. அதுல என்ன இருக்கு? இருபத்தையாயிரம் புழு எண்ணின ஆய்வுல பன்னெண்டு.

என்ன, சேவைத் திங்காம கையிலயே பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

இன்னைக்கு அந்த வெளியூர்க்காரர் அதைத் தான் கேப்பாரோ? சர்ச்சை ஆனது அந்த வாளி தானே, எல்லாருக்கும் தெரியுமே. அந்தப் புள்ள எந்திரிச்சு நின்னு, ஆமா சார், ஒண்ணொண்ணா எண்ணினதுன்னு என்னை நம்பிச் சொல்லுவாளே. என்னால அவ வாயில இருந்து ஒரு பொய் வருமே. எனக்கு இப்ப என்னமோ மாதிரி இருக்கு. கோவில்பட்டி தாண்டிட்டோமா? மணி ஒன்பதே கால். இருங்க, ஒரு போன் பண்ணிருதேன்.

ஜெபசெல்வி? நான் தாம்மா. பஸ்ல தான் வாரேன். ஏம்மா, ஒரு விஷயம். அந்தப் பதினேழாம் வாளி. நான் எழுதுனது இருக்குல்லா, அறுநூத்துப் பன்னெண்டு. அதுல கடைசிப் பன்னெண்டு வந்து... நான் எண்ணலைம்மா. குத்துமதிப்பாப் போட்டுட்டேன். இதைச் சபையில சொல்லிரணும். நீ சொல்ல வேண்டாம், நானே எந்திரிச்சுச் சொல்லுதேன். உனக்கு ஏதும் ஆகிருமா?

என்னது?

எப்ப?

அண்ணாச்சி, கேளுங்க இதை. தெரியுமாம். மறுநாளே பாட்டிலைத் தட்டுல கொட்டித் திரும்ப எண்ணிட்டாளாம். ரெண்டு தடவை. அறுநூத்து நாலாம். கட்டுரையில இருக்கிறதே அறுநூத்து நாலு தானாம். மழையில ஒருவர் உதவியோடு எண்ணியது 612, பத்திரப்படுத்திய பாட்டிலில் மறுமுறை எண்ணியது 604, அதுவே ஏற்கப்பட்டதுன்னு மூணாம் பக்கத்துல அடிக்குறிப்புப் போட்டிருக்காளாம். முதல்ல இருந்தே இருக்காம். எங்க ஏழு பேரு கையெழுத்துப் போட்டதுலயே இருந்துதாம்.

ஏம்மா, அப்ப பாட்டில் உன்கிட்ட இருந்திருக்கு. அதைக் காட்டியிருந்தா எண்ணிக்கை நிஜம்னு முடிஞ்சிருக்குமே, என்னை எதுக்கும்மா அந்தப் பாடு படுத்தின?

சரி. சரிம்மா. ஆமா, அது வாஸ்தவம் தான்.

பாட்டில் புழுவைத் தான் காட்டுமாம் அண்ணாச்சி, அன்னைக்குக் கதவைத் திறந்தது யாருன்னு அது சொல்லாதாம்.

என்னம்மா? இல்லை, சத்தம் கேக்கலை, லாரி போகுது. திரும்பச் சொல்லு.

...

வச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே வச்சுட்டா. மூணு வருஷமா என் துறையில இருக்கா, அவ சிரிச்சு நான் கேட்டதே இல்லை. என்ன கேட்டாங்கீங்களா? "சார், நீங்க இன்னும் அந்தக் கட்டுரையை வாசிக்கவே இல்லையா"ன்னு கேட்டா.

கடைசிப் பக்கம் வாசிச்சேனே. அதைத் தானே ஹால்ல மாட்டியிருக்கேன்.

இந்த வாளியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. சேவைத் தின்னுங்க, வேணும்னா இன்னொண்ணு பிரிங்க. என் கண்ணாடி எங்க, சட்டைப் பையிலயே இருக்கு. மொத்தம் பதினாலு பக்கம். திருநெல்வேலிக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்லா? நான் இனிமே பேச மாட்டேன். பேசினா அதட்டுங்க.

அட, ஆரம்பத்துலயே நல்லா எழுதியிருக்காளே.